சின்சில்லா முயலும் அதன் குட்டிகளின் பராமரிப்பும்

கம்பம் பள்ளத்தாக்கில் நெல், வாழை, திராட்சை பயிரிடும் நிலச்சுவான்தார்களுக்கு முயல் வளர்ப்பு ஏற்றதோர் உபதொழிலாகும். இடம் சிறிது, தீவனம் பெரும்பாலும் தோட்டத்திலேயே கிடைப்பது. ஆயினும் இத்தொழிலின் இலாப நஷ்டம் ஈன்ற குட்டிகள் எத்தனை என்பதனாலன்று, பிழைத்த குட்டிகள் எத்தனை என்பதனாலேயே தீர்மானிக்கப்படுகிறது.

சின்சில்லா என்பது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் வாழும் ஒரு சிறு பிராணியின் பெயர். குளிர்ப் பிரதேசத்துக்குரிய அப்பிராணி நமது சமவெளியின் உஷ்ணத்தைத் தாங்காது. அதன் சாம்பல் நிற உரோமத்தை ஒத்த உரோமமுடைய முயலினம் 1913-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டு, அதே பெயரைப் பெற்றது. பின்னர் ருஷ்யாவில் பெரிய உடலமைப்புடன் விருத்தி செய்யப்பட்டதே சோவியத் சின்சில்லா. வளர்ந்த முயல் 4 முதல் 5 கிலோ வரை எடையுள்ளது. கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய செம்மறியாடு மற்றும் கம்பள ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இவ்வினத்தைப் பராமரித்து வந்துள்ளது.

இணை சேர்த்தல். பெண் முயலை ஐந்து அல்லது ஆறு மாதம் நிறைந்த பின்னரே சேர்த்தல் வேண்டும். பெண்ணை ஆணின் கூண்டுக்குக் கொண்டு செல்லவேண்டுமேயன்றி, ஆணைப் பெண்ணின் கூண்டில் விடலாகாது. விட்டால் பெண் முயல் சண்டையிடும். சினைக்காலம் சுமார் 31 தினங்கள். வெப்பம் 30 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் நீடிக்குமாயின் ஆண் முயலின் வீரியம் குறையும், குட்டிகளும் வாடும். ஆதலால் பள்ளத்தாக்கில் மாசி முதல் வைகாசி வரை இணை சேர்ப்பதை நிறுத்தி, ஆனிக்குப் பின் மீண்டும் தொடங்குதல் நலம். கூண்டுகளை மரநிழலில், காற்றோட்டமான கீற்றுக் கொட்டகையில் அமைத்தல் வேண்டும்.

ஈனும் பெட்டி. காட்டு முயலின் குட்டி உரோமத்துடனும் திறந்த கண்களுடனும் பிறக்கும். வளர்ப்பு முயலின் குட்டியோ உரோமமின்றி, கண் மூடிய நிலையில் பிறக்கிறது. ஆகவே அதற்குக் கூடு இன்றியமையாதது. சினையுற்ற 27-ஆம் நாள் ஒன்றரை அடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமுமுள்ள மரப்பெட்டியில் சுத்தமான தேங்காய் நாரைப் பரப்பிக் கூண்டினுள் வைத்தல் வேண்டும். தாய் முயல் தன் மார்பு உரோமத்தைப் பறித்து அதன்மேல் மெத்தை அமைத்துக்கொள்ளும். வாயிலின் அடிப்பலகை அரையடி உயரம் இருத்தல் அவசியம். இல்லையேல் காம்பைப் பற்றிய குட்டி தாயுடன் வெளியே இழுபட்டுவிடும். பூனையைப்போலத் தாய் முயல் தன் குட்டியைக் கவ்வி மீண்டும் கூட்டில் சேர்ப்பதில்லை. வெளியே கிடக்கும் குட்டியை உடனே கையில் ஏந்திச் சூடேற்றிப் பெட்டியில் இடவேண்டும்.

முதல் பதினைந்து தினங்கள். ஈன்ற அன்றே பெட்டியைப் பார்வையிட்டு இறந்த குட்டிகளை அகற்றுக. தாய் கூட்டருகில் தங்காதது கண்டு, குட்டிகளைக் கைவிட்டதாகச் சிலர் கருதுவர். முயல் நாளொன்றுக்கு ஒரு முறை, சில நிமிஷங்களே பால் கொடுப்பது இயல்பு. வயிறு உருண்டிருப்பின் பால் கிடைத்துள்ளது. தோல் சுருங்கியிருப்பின் கிடைக்கவில்லை. ஒரு தாய்க்கு எட்டுக்கு மேல் குட்டிகள் இருப்பின், அதே தருணத்தில் ஈன்ற வேறு முயலிடம் மூன்று தினங்களுக்குள் சிலவற்றை மாற்றலாம். குட்டிகள் நெருங்கிக் குவிந்திருந்தால் குளிரும், சிதறிக் கிடந்தால் புழுக்கமும் காரணம் என்றறிந்து உரோமத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். எறும்பு ஏறாதபடி கூண்டுக் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்துக. எலி, பூனை, பாம்பு நுழையாதபடி வலை நெருக்கமாயிருத்தல் வேண்டும். 10 முதல் 12-ஆம் நாளுக்குள் கண் திறக்கும்.

பால் மறத்தல். மூன்றாம் வாரத்தில் குட்டிகள் தழை தின்னத் தொடங்கும். ஐந்தாம் அல்லது ஆறாம் வாரத்தில் தாயினின்று பிரிக்கலாம். தீவனத்தைத் திடீரென மாற்றினால் கழிச்சல் உண்டாகும். வேலிமசால், அகத்தி, குதிரைமசால் ஆகியவற்றை ஈரம் உலர்த்தியே இடுக. மருந்து தெளித்த திராட்சைத் தோட்டத்தின் களைகளை ஒருபோதும் இடலாகாது. நல்ல தண்ணீர் எப்போதும் இருத்தல் வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலைப் பிடித்தல் குற்றமாகும். மேகமலை அடிவாரத்துக் குடியானவர்கள் இதனையறிந்து, வளர்ப்பு இன முயலை மட்டுமே வாங்குமாறு எடுத்துரைத்தல் வேண்டும். முதலில் ஓர் ஆணும் மூன்று பெண்களும் கொண்டு தொடங்கி, ஈன்ற தேதி, பிறந்தவை, பிழைத்தவை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வருவோர், குறை எங்குள்ளது என்பதை ஓராண்டிற்குள் கண்டுகொள்வர்.