முதல்ல பேலன்ஸ், அப்புறம்தான் டிரிம்

இந்த வாரப் பாடம் ஆர்சி ஏரோபேட்டிக் விமானம்.

2018-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த யுஏவி சேலஞ்சில் இரண்டாம் இடம் வந்த சென்னை எம்.ஐ.டி.யின் தக்ஷா அணி ஞாபகம் இருக்கா? நடிகர் அஜித் ஆலோசகரா இருந்த அணி. அந்த மாதிரி ட்ரோன்கள்ல ஒரு கம்ப்யூட்டர் ஓயாம சமநிலையைத் திருத்திக்கிட்டே இருக்கும். கைரோ இல்லாத ஏரோபேட்டிக் விமானத்துல அந்த வேலை நம்மளோடது.

பலர் பண்றது இதுதான்: மூக்கு இறங்குதா, ரிமோட்டில் அப் டிரிம் நாலு கிளிக். பக்கை விட்டுட்டு மேலே பேட்ச் ஒட்டுற கதை. ஏன்னா எடை மாறாது; ஆனா எலிவேட்டர் தரும் விசை வேகம் இரண்டு மடங்கானா நாலு மடங்காகும். அதனால த்ராட்டில் கூட்டினா மூக்கு ஏறும், குறைச்சா இறங்கும். லேண்டிங்கில் இது ஆபத்து.

சரியான வரிசை:

1. எடை மையம், அதாவது சி.ஜி. மேனுவல் சொல்ற இடம்தான் ஆரம்பம். சாதாரணமா இறக்கையோட முன் விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் 25 முதல் 33 சதவீதத்துக்குள் வரும். பேட்டரியை வைத்தே பாருங்க. எடை சேர்க்கிறதுக்கு முன்னாடி பேட்டரியை நகர்த்திப் பாருங்க.

2. பக்கவாட்டு பேலன்ஸ். மூக்கையும் வாலையும் பிடிச்சுத் தூக்குங்க. எந்த இறக்கை சாயுதோ, அதுக்கு எதிர் இறக்கை நுனியில் சின்ன எடை.

3. டிரிம். வழக்கமா பறக்கும் வேகத்துல, குச்சியை விட்டாலும் நேராப் போற வரை.

4. சோதனை. நல்ல உயரத்தில், 45 டிகிரியில் ஏற்றி, தலைகீழாத் திருப்பி, எலிவேட்டரை விடுங்க. நேராப் போனா, இல்ல மெதுவா இறங்கினா சரி. சட்டுனு தரையைப் பார்த்து வளைஞ்சா மூக்கு கனம். வானத்தைப் பார்த்து ஏறினா வால் கனம். உடனே இறக்கிச் சரி பண்ணுங்க. வால் கனமான விமானம் சின்ன அசைவுக்கே துள்ளும், கைக்கு அடங்காது.

சி.ஜி.யை நகர்த்தினா மூணாவது படியிலிருந்து திரும்ப வரணும். ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம். டீபக்கிங் மாதிரியேதான்.

கடைசியா, வெஸ்ட் வின்ட்சர் நண்பர்களுக்கு: மெர்சர் கவுண்டி பார்க் காலியா இருக்கேன்னு உடனே பறக்க விடாதீங்க, அனுமதி உண்டான்னு கேளுங்க. விமானம் 250 கிராமைத் தாண்டினா எஃப்ஏஏ பதிவு வேணும். ட்ரஸ்ட் தேர்வு எடை எவ்வளவா இருந்தாலும் கட்டாயம், ஆனா இலவசம்.

இந்த வீக்கெண்ட் முதல் படி மட்டும் பண்ணிப் பாருங்க. மேசை மேலயே முடிஞ்சிடும்.