மின்வலையில் தோன்றும் தீவுகள்

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி முற்பகலில், பாணந்துறை உப மின்நிலையத்தில் நேர்ந்த கோளாறினால் இலங்கை முழுவதும் மின் தடைப்பட்டது. கூரைமேற் சூரியத் தகடுகள் பதித்த வீடுகளிலும், சேமிப்பு மின்கலம் இல்லாதவிடத்து, விசிறிகள் ஓய்ந்தன. "பகலவன் வானில் இருக்க, மின் எங்கே போயிற்று?" என மாணவர் வினவுவர். நல்ல வினா. அதன் விடையில் ஓர் ஊழியரின் உயிர் தங்கியுள்ளது.

நீர் சூழ்ந்த நிலத்தைத் தீவு என்கிறோம். மின்வலையமைப்பின் ஒரு பகுதி தாய்வலையினின்று அறுபட்ட பின்னும், அங்குள்ள சூரியத் தகடுகளோ சிறு மின்பிறப்பாக்கிகளோ தொடர்ந்து மின் ஊட்டுமாயின், மின்னற்ற கம்பிகளின் நடுவே அஃதொரு மின்தீவு ஆகின்றது. நெடுந்தீவிற்போலத் திட்டமிட்டு அமைத்த தனி மின்வழங்கல் வேறு. எவரும் அறியாது தோன்றும் இத்தீவு வேறு.

இதனால் விளையுங் கேடுகள் மூன்று. முதலாவது, மின் நின்றதென எண்ணிக் கம்பத்தில் ஏறுபவருக்கு நேரும் ஆபத்து. வீட்டின் 230 வோல்ற்று மின், நிலைமாற்றியூடாகப் பின்னோக்கிச் சென்று 11,000 அல்லது 33,000 வோல்ற்றாக உயரும். இரண்டாவது, கட்டுப்படுத்துவாரின்றி வோல்ற்றளவும் மீடிறனும் தளம்ப, வீட்டுக் கருவிகள் பழுதாகும். மூன்றாவது, அலைகள் ஒத்திசையாத வேளையில் தாய்வலை மீள இணையின் இயந்திரங்கள் பேரதிர்ச்சிக்குள்ளாகும்.

ஆகவே, தகட்டின் நேரோட்டத்தை ஆடலோட்டமாக மாற்றும் இன்வேட்டர் எப்பொழுதும் விழித்திருத்தல் வேண்டும். நம் நாட்டு மீடிறன் 50 ஹேட்ஸ். மீடிறனோ வோல்ற்றளவோ எல்லை கடந்தால் அது தன்னை நிறுத்திக்கொள்ளும். ஆயின், பிறக்கும் மின்னும் நுகரும் மின்னும் அவ்வேளை சமமாயிருப்பின் மாற்றம் ஏதுந் தோன்றாது. அதற்கும் ஓர் உபாயம் உண்டு. இன்வேட்டர் மீடிறனை இடையிடையே சிறிது தள்ளிப் பார்க்கும். தாய்வலை இருப்பின் அஃது அசையாது. இல்லையேல் மீடிறன் விலகிச் செல்ல, தீவு வெளிப்பட்டுவிடும். தீவு தோன்றி 2 செக்கனுக்குள் மின்னூட்டல் நிற்கவேண்டுமென ஐ.ஈ.ஈ.ஈ. 1547 என்னும் நியமம் விதிக்கின்றது.

எனினும், அளவிறந்த அச்சமும் தீதே. ஜேர்மனியில் முன்னர் மீடிறன் 50.2 ஹேட்சைக் கடந்தவுடன் நின்றுவிடுமாறு இன்வேட்டர்கள் அமைந்திருந்தன. சூரியக் கூரைகள் பெருகவே, அவை யாவும் ஒரே கணத்தில் ஓய்ந்தால் வலையமைப்பே சரியக்கூடும் எனக் கண்டு, 2012 முதல் அவற்றைத் திருத்தலாயினர். மேற்கூறிய நியமத்தின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பும், சிறு தளம்பல்களைத் தாங்கி நிற்குமாறு பணிக்கின்றது. தாங்கவேண்டியதைத் தாங்கி, நிறுத்தவேண்டியதை நிறுத்தும் விவேகமே இங்கு வேண்டப்படுவது.

வீட்டில் மண்ணெண்ணெய் அல்லது பெற்றோல் மின்பிறப்பாக்கி வைத்திருப்போரும் இப்பாடத்தை உளங்கொள்ளல் நன்று. அத்தகைய பொறிக்குத் தீவை அறியும் அறிவில்லை. இரு மின்வழிகளும் ஒருங்கே இணையாதபடி தடுக்கும் மாற்றாளியின்றி அதனை வீட்டுச் சுற்றுடன் தொடுப்பவர், தம் வீட்டு விளக்கை ஏற்றி, தெருமுனைக் கம்பத்தில் நிற்பவரின் விளக்கை அணைத்தவராவர். சோதித்து, புவித்தொடுப்பு இட்ட பின்னரே ஊழியர் கம்பியைத் தொடுவது முறை. அம்முறை என்றேனும் தவறினும் அவரைக் காக்கவேண்டியது நமது கடன். பகலில் நம் கூரை சிறிது நேரம் ஓய்ந்திருப்பது அதன்பொருட்டே என மாணவர் அறிவாராக.