வாசலைக் கடக்கும் துணிவு

1935-ஆம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ரான் நகர விடுதி ஒன்றின் முன்கூடத்தில், நியூயார்க்கைச் சேர்ந்த பங்குத் தரகர் பில் வில்சன் தனியே நின்றிருந்தார். வந்த காரியம் கைகூடவில்லை. அவர் மதுவை விட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. கூடத்தின் ஒருபுறம் மதுச்சாலை. மறுபுறம் தொலைபேசியும், உள்ளூர் தேவாலயங்களின் பெயர்ப்பட்டியலும்.

அவர் தொலைபேசியை நாடினார். தம்மைப் போலவே மதுவால் துன்புறும் ஒருவரிடம் பேச வேண்டும் என்பதே அவர் விடுத்த வேண்டுகோள். ஒருவர் வழியாக மற்றொருவரை அணுகி, இறுதியில் மே 12 அன்று அவ்வூர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். கால்மணி நேரத்திற்கு மேல் இருப்பதில்லை என்ற முடிவுடன் வந்த மருத்துவர், பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு அறிவுரை கூறியவர்கள் அதுவரை பலர். தம் சொந்த வீழ்ச்சியை ஒளிவுமறைவின்றிக் கூறியவரோ இவர்தாம். ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ (ஏ.ஏ.) என்னும் இயக்கம் இவ்வாறு பிறந்தது. 1957 முதல் அது இந்தியாவிலும் இயங்கி வருகிறது.

கூட்டத்தைக் கண்டறிதல்

‘நான் நினைத்தால் நாளையே நிறுத்திவிடுவேன்’ என்பதே குடிநோயின் வழக்கமான மொழி. இதில் ‘நான்’ என்பதும் பொய். ‘நாளை’ என்பதும் பொய். ‘என்னால் தனியே இயலவில்லை’ என்று ஒப்புக்கொள்ளும் கணத்தில்தான் மீட்சி தொடங்குகிறது.

நீண்ட காலம் அதிகமாகக் குடித்தவர் முதலில் மருத்துவரைக் காண வேண்டும். திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்பட்டு, உயிருக்கே ஆபத்து நேரலாம். சிகிச்சை உடலைத் தெளிவிக்கும்; கூட்டம் அத்தெளிவைக் காக்கத் துணைபுரியும்.

கூட்டம் நடைபெறும் இடத்தை மனநல மருத்துவர்களிடமும் போதை மீட்பு மையங்களிலும் கேட்டறியலாம். 14446 என்பது மத்திய அரசின் கட்டணமில்லா உதவி எண். ஏ.ஏ.யின் சொந்த உதவி எண்களும் உண்டு; அவற்றில் பெரும்பாலும் குடியிலிருந்து மீண்ட ஒருவரே பேசுவார். தேவாலயக் கூடம், பள்ளி வகுப்பறை போன்ற எளிய இடங்களிலேயே கூட்டங்கள் பெரும்பாலும் நடைபெறுகின்றன. ‘திறந்த கூட்டம்’ எனில் குடும்பத்தினரும் உடன் வரலாம். ‘மூடிய கூட்டம்’ மதுப்பழக்கத்தால் துன்புற்று அதிலிருந்து மீள விரும்புவோருக்கு மட்டும் உரியது. குடும்பத்தினரின் மனவேதனைக்கென ‘அல்-அனான்’ என்னும் தனி அமைப்பு 1951 முதல் உள்ளது.

கூட்டத்தினுள்

புதியவரைத் தடுப்பது தூரமன்று, நாணமே. ‘எவரேனும் அறிந்தவர் இருந்தால்?’ என்று அவர் தயங்குகிறார். அங்கு இருப்பவரும் அதே நோய்க்காக வந்தவரே என்பதை அத்தயக்கத்தில் மறந்துவிடுகிறார்.

உள்ளே கட்டணம் இல்லை, முழுப்பெயர் கேட்பதில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. ஒருவர் பேசுகையில் மற்றவர் குறுக்கிடுவதில்லை, தீர்ப்புக் கூறுவதுமில்லை. புதியவர் வாய் திறக்காமல் அமர்ந்திருக்கலாம். முதல் நாளுக்குக் கேட்பதே போதும். தம் வீட்டில் மட்டுமே நடந்ததாக எண்ணிய அவலம் மற்றொருவர் வாயிலாக வெளிப்படுவதைக் கேட்கையில், ஆண்டுக்கணக்கான தனிமை தளர்கிறது.

‘இன்று ஒரு நாள் மட்டும்’ என்பதே அங்கு பயிலும் விரதம். வாழ்நாள் முழுவதற்குமான சபதம் மனத்தை அச்சுறுத்தும். இன்றைய பொழுது கைக்குள் அடங்கும். சாத்திரங்கள் அப்யாசம் என்று கூறும் இடைவிடாத பயிற்சி இதுவே. தம்மினும் உயர்ந்த ஆற்றலை அவரவர் உணர்ந்தவாறு பற்றிக்கொள்ளலாம் என்பதும் அங்கு நெறி. இஷ்ட தெய்வ மரபில் வளர்ந்தவர்க்கு இது அந்நியமாகத் தோன்றாது.

இது வெறும் நம்பிக்கை அன்று. 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, மதுவை முற்றிலும் தவிர்ப்பதில் ஏ.ஏ.யுடன் இணைக்கும் சிகிச்சை பிற முறைகளுக்கு நிகராகவோ மேலாகவோ பயன்தருவதாகக் கண்டது.

தவறி விழுந்தால்

மருத்துவர் பாப், பில்லைச் சந்தித்த சில வாரங்களில் மீண்டும் குடித்தார். ஆனால் அவர் திரும்பி வந்தார். அவருடைய கடைசிக் குடியின் நாளாகக் கருதப்படும் 1935 ஜூன் 10-ஐயே ஏ.ஏ. தன் தொடக்க நாளாகக் கொள்கிறது. 1950-இல் மறையும் வரை அவர் மீண்டும் மதுவைத் தொடவில்லை. எனவே, விழுந்தவர் வெட்கத்தால் கூட்டத்தை விட்டு விலகக் கூடாது. அன்றுதான் அவருக்கு அது மிகவும் தேவை. குடும்பத்தாரும் அந்நாளில் ஏளனச் சொல்லைத் தவிர்த்து, அடுத்த கூட்டத்தின் நேரத்தை நினைவூட்டுவது நலம்.

அன்று விடுதியில் நின்ற பில் தம்மைக் காத்துக்கொள்ளவே மற்றொருவரைத் தேடினார், இருவரும் பிழைத்தனர். இன்று தயங்கியபடி வாசலில் நிற்பவருக்கும் இதுவே செய்தி. தாம் பிறருக்குப் பாரமாக வந்திருப்பதாக அவர் எண்ணுகிறார். உள்ளே அமர்ந்திருப்பவர்கள் தங்கள் தெளிவைக் காத்துக்கொள்ள அவருடைய வருகை துணைபுரிகிறது. பெறுபவரும் கொடுப்பவரும் ஒருவரே ஆகும் இடம் சத்சங்கம். அதன் வாசல் அவருக்காகத் திறந்தே இருக்கிறது.