அளவும் இடைவெளியும்

நுழையும்முன்

நோயுற்றவரின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகியவற்றை ஆராய்ந்தே மருத்துவர் செயல்பட வேண்டும் என்பது திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் கூறும் நெறி. இக்காலக் கதிர்வீச்சு மருத்துவம் அந்நெறியை எண்களால் கடைப்பிடிப்பதை இப்பாடம் விளக்குகிறது.

முத்துலட்சுமி அம்மையாரின் முயற்சியால் 1954ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, தமிழ்நாட்டில் கதிர்வீச்சு மருத்துவம் வேரூன்றக் காரணமாயிற்று. இன்று கடம்பத்தூர் போன்ற ஊர்களிலிருந்து மின்தொடர்வண்டியில் சென்னைக்குச் சென்று, ஐந்தாறு வாரங்கள் இச்சிகிச்சை பெறுவோர் உண்டு. நாள்தோறும் கூலியை இழக்கும் தொழிலாளிக்கு, "மொத்தத்தையும் ஓரிரு நாளில் கொடுத்துவிடலாகாதா?" என்னும் ஐயம் எழுவது இயல்பே. அதற்கான விடைகளுள் ஒன்று தண்டுவடத்தில் உள்ளது.

உணவுக்குழாய், நுரையீரல், கழுத்து ஆகியவற்றில் தோன்றும் கட்டிகளின் அருகே தண்டுவடம் செல்கிறது. கதிர் மிகுந்தால் நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள மையலின் உறையும் நுண்ணிய குருதி நாளங்களும் சிதையும். அதனால் கால்கள் செயலிழக்கலாம்.

உடல் ஏற்கும் கதிரின் அளவு 'கிரே' என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. நாளொன்றுக்கு 2 கிரே வீதம் மொத்தம் 50 கிரே பெறும் தண்டுவடம் பழுதடைவது ஆயிரத்தில் ஏறத்தாழ இருவருக்கே. 60 கிரே எனில் நூற்றில் ஏறத்தாழ அறுவருக்கு என மதிப்பிடப்பட்டுள்ளது.

மொத்த அளவு மட்டும் போதுமா? போதாது. சிறு தவணைகளுக்கிடையே நலமான திசு தன்னைச் செப்பனிட்டுக்கொள்கிறது. தவணை பெரிதானால் அவ்வாய்ப்புக் குறைகிறது. 5 கிரே வீதம் பத்துத் தவணைகளில் தரும் 50 கிரே, தண்டுவடத்திற்கு 2 கிரே வீதம் தரும் 87.5 கிரேக்கு நிகரென ஒரு கணக்கீடு காட்டுகிறது. எனவே, எலும்பு வலியைத் தணிக்க ஒரே தவணையில் கதிர் செலுத்தும்போது மொத்த அளவை 8 கிரே என்ற அளவிற்குக் குறைத்துவிடுகின்றனர்.

தவணைகளுக்கிடையே உள்ள நேரமும் முதன்மையானது. 1980களில் இங்கிலாந்தில் ஆறு மணி நேர இடைவெளியில் நாளுக்கு மூன்று தவணை வழங்கிய முன்னோட்ட ஆய்வில், ஏறத்தாழ 45 கிரே பெற்ற சிலருக்கே தண்டுவடம் பழுதுற்றது. அதன் செப்பனிடும் பணி எதிர்பார்த்ததைவிட மெதுவானது என்பதை மருத்துவ உலகம் உணர்ந்தது.

ஆண்டுகள் கடந்தபின் மீண்டும் கதிர் தேவைப்பட்டால் என்ன செய்வது? 44 கிரே பெற்ற குரங்குகள், ஓராண்டு முதல் மூன்றாண்டுகளுக்குள் பெருமளவு தாங்குதிறனை மீட்டதாக ஆய்வுகள் காட்டின. ஆயினும் முந்தைய அளவை அறியாமல் மறுசிகிச்சையைத் திட்டமிடுதல் பாதுகாப்பன்று. தண்டுவடப் பழுது பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குப் பின்னரே வெளிப்படும். வெளிப்பட்டபின் அதை முற்றிலும் நீக்கும் மருந்தில்லை.

ஆகவே, பழைய சிகிச்சைக் குறிப்பேட்டைப் பாதுகாத்தலும், குறித்த நாளில் தவறாது செல்லுதலும், கால்களில் மரப்போ தளர்ச்சியோ தோன்றின் உடனே மருத்துவரிடம் கூறுதலும் நோயாளியின் கடமைகளாகும். தொழிலாளி இழப்பது சில வாரக் கூலி. காத்துக்கொள்வது நடக்கும் கால்களை.

கற்பவை கற்றபின்

கதிர்வீச்சு சிகிச்சையை இடையில் நிறுத்த எண்ணும் உறவினர் ஒருவருக்கு, தவணைகளின் தேவையை விளக்கிக் கடிதம் எழுதுக.