நாய் விழுங்கிய எலும்பைக் கத்தியின்றி எடுக்கலாம்

தோட்டக் காவலுக்கு வளர்க்கும் நாய்கள் கிடைத்ததை எல்லாம் விழுங்கும். ஆட்டெலும்பு, மாங்கொட்டை, மக்காச்சோளச் சக்கை, தூண்டில் முள், நூல் கோத்த ஊசி முதலியன உள்ளே சிக்கிக்கொள்வது உண்டு.

எலும்பு உணவுக்குழலில் சிக்கிய நாய் ஓயாமல் எச்சில் வடிக்கும். கழுத்தை நீட்டி நீட்டி விழுங்க முயலும். தின்றதைச் செரிக்காமலே வெளியே தள்ளும். சோற்று உருண்டையைத் திணித்து எலும்பைக் கீழே தள்ளப் பார்ப்பதும், எண்ணெய் ஊற்றுவதும் சிலரிடம் உள்ள பழக்கம். இரண்டும் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். கூரான எலும்பு குழலைக் கிழித்துவிட்டால் நெஞ்சறையில் சீழ் பிடிக்கும். பிறகு நாயைப் பிழைக்க வைப்பது கடினம்.

இதற்கு உதவுவது எண்டோஸ்கோப் என்னும் உள்நோக்குக் கருவி. இது சுண்டுவிரல் தடிமனுள்ள, வளைந்து கொடுக்கும் நீண்ட குழாய். நுனியில் விளக்கும் காமிராவும் இருக்கும். நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து, குழாயை வாய் வழியே செலுத்தி, திரையில் பார்த்தபடி சிறு இடுக்கியால் பொருளைப் பற்றி வெளியே எடுப்பார்கள். மேலே வர மறுக்கும் எலும்பைப் பக்குவமாக இரைப்பைக்குள் தள்ளிவிடுவதும் உண்டு. வீட்டில் செய்வதும் தள்ளுவதுதானே எனலாம். ஆனால் இங்கே கண்ணால் பார்த்துத் தள்ளுகிறார்கள். இரைப்பை அமிலத்தில் எலும்பு நாளடைவில் கரைந்துவிடும். மாங்கொட்டை கரையாது, எடுத்தே ஆகவேண்டும்.

பொருள் இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலில் இறங்கிவிட்டால் பெரும்பாலும் இக்கருவி எட்டாது. வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும். ஆகவே விழுங்கிய அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். வழியில் தீனி எதுவும் கொடுக்கக்கூடாது. வாயில் நூல் தொங்கினால் இழுக்கக்கூடாது. எதை, எப்போது விழுங்கியது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எலும்பும் ஊசியும் எக்ஸ்ரேயில் தெரியும். பிளாஸ்டிக் பெரும்பாலும் தெரியாது.

வாரக்கணக்கில் வாந்தி, கழிச்சல் நிற்காத நாய்க்கும் இக்கருவி பயன்படும். குடலின் உட்தோலில் துளியளவு கிள்ளி எடுத்துச் சோதித்து, நோயின் காரணத்தை அறியலாம். இதற்கு முதல் நாள் இரவிலிருந்தே நாயைப் பட்டினி போட வேண்டும்.

பசு விழுங்கிய கம்பியையும் ஆணியையும் இப்படி எடுக்க முடியாது. அசைபோடும் மாட்டின் வயிற்றில் எப்போதும் தீவனம் நிறைந்திருப்பதால் கருவிக்கு எதுவும் தெரியாது. அதற்குக் காந்தம் விழுங்கச் செய்வதும் அறுவையுமே வழி.

ஊர்க் கால்நடை மருந்தகங்களில் பொதுவாக இக்கருவி இராது. சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உண்டு. தொலைவில் இருப்போர் முதலில் உள்ளூர் மருத்துவரிடம் காட்டி, அவர் தரும் கடிதத்துடன் செல்வது நல்லது.