மனமும் உணவுத் தட்டும்

எதைச் சாப்பிடலாம், எதைக் குறைக்க வேண்டும் என்பது நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியும். 1918-இல் குன்னூரில் தொடங்கி, 1958-இல் நம் ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்கு மேல் வேண்டாம் என்று கூறுகிறது. ஆனாலும் நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடிக்கு மேல் என்று 2023-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. தெரிந்தும் ஏன் கடைப்பிடிக்க முடிவதில்லை? இதற்கு விடை தேட மனத்தையும் சற்று ஆராய வேண்டும்.

1986-இல் நெதர்லாந்து உளவியலாளர்கள் 33 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைத் தயாரித்தனர். அதில் உண்ணும் போக்குகளை மூன்றாகப் பிரித்தனர்.

1. உணர்ச்சியால் உண்பது: கவலை, கோபம், தனிமை, சலிப்பு ஆகியவை பசி போல வேடமிட்டு வருகின்றன. பிள்ளைகள் வெளிநாடு சென்ற பின், மதிய வேளையில் முறுக்கு டப்பாவே பலருக்குத் துணை.

2. சூழலால் உண்பது: வயிறு கேட்பதில்லை, கண்ணும் மூக்கும் கேட்கின்றன. இரானி ஓட்டலில் சாயாவுடன் உஸ்மானியா பிஸ்கட் தானாக வந்து சேருவது இவ்வகை.

3. கட்டுப்பாட்டுடன் உண்பது: நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் 1975-இல் ஹெர்மன், மேக் என்ற ஆய்வாளர்கள் வியப்பான ஒன்றைக் கண்டனர். எப்போதும் உணவைக் கட்டுப்படுத்துவோருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தபோது, பின்னர் அவர்கள் ஐஸ்கிரீமைக் குறைவாக அல்ல, அதிகமாகவே உண்டனர். 'பத்தியம் கெட்டாயிற்று, இனி என்ன?' என்ற எண்ணமே காரணம். கல்யாணப் பந்தியில் ஒரு ஜாங்கிரி நான்காவது இப்படித்தான்.

எண்ணம் உடலையும் தொடுகிறது. 2011-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 46 பேருக்கு 380 கலோரி கொண்ட ஒரே பானத்தை இரு முறை கொடுத்தனர். ஒரு முறை 620 கலோரி என்றும், மறுமுறை 140 கலோரி என்றும் சீட்டு ஒட்டினர். 620 என்று நம்பிக் குடித்தபோதுதான் பசியைத் தூண்டும் ஹார்மோன் வெகுவாகக் குறைந்தது. இது சிறிய ஆய்வுதான். எனினும், பத்திய உணவைத் தண்டனையாக நினைத்து உண்டால் நிறைவு குறையலாம் என்பதை உணர்த்துகிறது.

நாம் செய்யக்கூடியவை:

* உண்ணும் முன், "இது பசியா, சலிப்பா?" என்று கேட்டுக் கொள்ளுங்கள்.

* தின்பண்ட டப்பாவைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.

* ஒரு வேளை தவறினால், அடுத்த வேளையை வழக்கம் போல் உண்ணுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பரிகாரமாகப் பட்டினி கிடக்கக் கூடாது. இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடலாம்.

* வீட்டில் உள்ளவர்கள் பெரியவர்களை எல்லோர் முன்னிலையிலும் கண்டிக்க வேண்டாம். திட்டினால் ஒளித்து உண்ணும் பழக்கம் வரும். உண்டதை மறைத்தால், சர்க்கரை ஏன் குறையவில்லை என்று மருத்துவருக்கும் புரியாது.

முன்பு உண்டது செரித்ததை அறிந்து, நன்கு பசித்த பின் உண்ணும்படி வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் அறிவுறுத்துகிறார். அந்தப் பசியை அடையாளம் காணப் பழகுவதே முதல் பாடம். இன்றிரவுச் சாப்பாட்டிலிருந்தே தொடங்கலாமே!