வேலை தேடும் வடிவமைப்பு மாணவருக்கு

படிப்பை முடித்து வெளியேறும் ஆண்டில் நம்மவரிடையே இரண்டு எண்ணங்கள் உலவுகின்றன. தொழிலகத்தில் சேர்ந்தால் கலை கெட்டுவிடும் என்பது ஒன்று. கே. சி. எஸ். பணிக்கரும் அவருடன் இணைந்த ஓவியர்களும் பாத்திக் துணி செய்து விற்ற பணத்தைக் கொண்டே நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தனர். அதனால் அவர்தம் ஓவியம் குன்றிவிடவில்லை. இவ்வெண்ணத்துக்கு இவ்விடையே போதும். நன்றாக வரைபவனை வேலை தேடி வரும் என்னும் மற்றோர் எண்ணத்தைப் பற்றியே சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

வேலை கொடுப்பவர் முதலில் கேட்பது நம் படைப்புத் தொகுப்பை. நான்காண்டுகளில் வரைந்த அனைத்தையும் அடுக்கி எடுத்துச் செல்வது நம் வழக்கம். பத்துப் பன்னிரண்டு போதும் நண்பர்களே! ஆனால் அவை போகுமிடத்திற்கு ஏற்றவையாக இருத்தல் வேண்டும்.

சென்ற கோடை விடுமுறையில் திருப்பூரில் பனியன் துணிக்குப் பிரிண்ட் போடும் பட்டறை ஒன்றில் இரண்டு மாதம் வேலை பார்த்தேன். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்திற்கும் தனி ஸ்கிரீன் வேண்டும். எட்டு நிறமென்றால் எட்டு ஸ்கிரீன்; செலவும் அதற்கேற்ப ஏறும். ஒன்று சிறிது விலகினாலும் நிறங்களுக்கிடையே வெள்ளைக் கோடு தெரியும். அங்கே வேலை கேட்டு வந்த இளைஞர் ஒருவர் மிக அழகிய நீர்வண்ண மலர்களைக் காட்டினார். "நல்லாருக்குதுங்க தம்பி. இதையே மூணு கலர்ல பண்ணிக் குடுக்க முடியுங்களா?" என்று கேட்டார் முதலாளி. விடை வரவில்லை. மறுநாள் வந்த பெண்ணிடம் இருந்தவை ஆறே டிசைன்கள். ஒன்றில் மூன்று நிறங்களையும் தனித்தனித் தாளில் பிரித்துக் காட்டியிருந்தார். முதலில் வரைந்த ஐந்து நிறப் படியையும் பக்கத்திலேயே வைத்து, இரண்டு நிறங்களை ஏன் விட்டார் என்று விளக்கினார். வேலை அவருக்கே கிடைத்தது. வரையும் திறத்தில் அவ்விளைஞர் ஒரு படி மேல் என்றே இன்றும் கருதுகிறேன்.

சிவகாசி ஆப்செட் அச்சகத்துக்குப் போகிறவர், கணினித் திரையில் ஒளிரும் பச்சை தாளில் மங்கும் என்பதையும், வெட்டுக்காகப் படத்தை ஓரத்தில் 3 மில்லிமீட்டர் கூட்டி விடவேண்டும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். காஞ்சிபுரம் பட்டு என்றால், கட்டத்தாளில் ஏறாத வளைவு ஜக்கார்டு தறியிலும் ஏறாது. ஒருநாள் நேரில் சென்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

இனிக் கசப்பான ஒன்று. "மாதிரிக்கு நான்கு டிசைன் செய்து வா" என்பார்கள். அப்படி நான் ஒரு விளம்பர நிறுவனத்துக்குச் செய்து கொடுத்தேன். வேலை இல்லை என்றார்கள். இரண்டு மாதம் கழித்து அவற்றில் ஒன்று ஜவுளிக்கடைப் பையில் அச்சாகி வந்தது! 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியத்தின் முதல் உரிமை பொதுவாக வரைந்தவருக்கே உரியது. பணியாளராகச் சேர்ந்து பணியின்பொருட்டு வரைந்தவையோ, வேறு உடன்பாடு இல்லாவிடில், நிறுவனத்தைச் சேரும். ஆகவே மாதிரிப் படியில் பெயரும் தேதியும் இடுங்கள். அச்சுக்கு உதவாத சிறிய படியையே கொடுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் நாளும் பதிவாகும்.

சேரும்போதே, அங்கே செய்யும் வேலைகளைப் பின்னர் நம் தொகுப்பில் காட்ட இசைவு உண்டா என்று கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். ஐந்தாண்டு உழைத்தும், அடுத்த வேலைக்குப் போகும்போது காட்டக் கையில் ஒரு தாளும் இல்லாத மூத்த மாணவர் இருவரை நான் அறிவேன்.